சாமி படத்தின் முன் மாத்திரை அட்டை

என் வயிற்றில் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்பவள் நானேதான். மாமியாருக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

என் பழைய முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. தாடையெங்கும் சீழ் கட்டிய பருக்கள்; வகிட்டில் மண்டைத்தோல் தெரியும். நான் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'முள்ளு மிஸ்'. காதில் விழாதவள் போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். திருமணமான புதிதில், விளக்கை அணைத்த பிறகுதான் கணவர் முகத்தை நேராகப் பார்ப்பேன்... அந்த அவமானம் உங்களுக்குப் புரியுமா?

ஹார்மோன் கோளாறு என்றார் டாக்டரம்மா. "இது கர்ப்பத்தடை மாத்திரைதான். பருவுக்கும் முடி கொட்றதுக்கும் கேக்கும். குழந்தை வேணும்னா வந்து சொல்லுங்க, நிறுத்திட்டு வேற பாக்கலாம்" என்று தெளிவாகவே சொல்லி எழுதிக் கொடுத்தார். அவர்மீது பழிபோட எனக்கு வழியே இல்லை.

சில மாதங்களில் முகம் தெளிந்தது. கண்ணாடி முன் நின்று அழுதேன், சந்தோஷத்தில்!

மாமியார் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாத்திரைமா இது?" என்றார். "தீட்டு ஒழுங்கா வர்றதுக்கு, அத்தை" என்றேன். அது பாதி உண்மை. மீதியை அவரே நிரப்பிக்கொண்டார். அன்றிலிருந்து புது அட்டை வந்தால் அண்ணாமலையார் படத்தின் முன் வைத்து, விபூதி தூவி, அதன் பிறகே என் கையில் தருவார். "போட்டுக்கோ கண்ணு. இந்த மாசமாச்சும் தங்கணும்." அவர் கண்ணெதிரிலேயே விழுங்குவேன். எப்படி மனம் வந்தது என்று கேட்கிறீர்களா? வந்தது... அவ்வளவுதான்.

அதோடு நின்றாரா! பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டார், எனக்குப் பிள்ளை வேண்டி. சர்க்கரை வியாதிக்காரர், கனத்த உடம்பு. வெறுங்காலோடு நடந்து, வெந்துபோன பாதங்களோடு வந்து படுப்பார். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். நல்ல மருமகள்!

ஒருமுறை நிறுத்தினேன், பொய் சொல்லவில்லை. தாடையில் மறுபடி கட்டி கிளம்பியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பயந்துபோய் மீண்டும் ஆரம்பித்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் போய் வேறு வழி உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. பிள்ளையா, முகமா என்று என்னை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அத்தை என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்மா. கால் புண்ணு ஆறவே இல்ல. வலி ஜாஸ்தியாகி, போன தடவ செருப்பு போட்டுக்கினுதான் மலைய சுத்தினேன். அதான் சாமி கோவிச்சிக்கிச்சு."

என் கன்னத்தைத் தடவினார். "மூஞ்சி எப்பிடித் தெளிஞ்சிருக்குது பாரு! மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது. கொற எங்கிட்டதான்."

வாயைத் திறந்தேன். சொல்லிவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்... சத்தியமாக! வெளியே வந்தது வேறு.

"பரவால்ல அத்தை. சாமி மன்னிச்சிடும்."

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். நான்!

இன்று பௌர்ணமி. புண்ணின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். அவரைத் தடுத்து நிறுத்த நான் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். "பாத்துப் போய்ட்டு வாங்க அத்தை" என்று வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன்.

இந்நேரம் நடந்துகொண்டிருப்பார்.