நாள் குறிக்க மறுத்தவர்

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் கணக்கப்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணே, நம்ம நாகலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துல தவறிட்டாராம். போன வாரமே. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன்."

"எனக்கு ஏன் மொதல்ல?"

"நீங்கதானே அவரோட பேசாம இருந்த ஆளு."

அது உண்மை. மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல வருடம் மருந்து கொடுத்தவர் அவர். பட்டம் பெற்ற டாக்டர் அல்லர், டிஸ்பென்சர். நாங்கள் டாக்டரய்யா என்றோம். ஓய்வு பெற்று அவர் ஊருக்குப் புறப்பட்ட அன்று தோட்டமே மாலையோடு நின்றது. நான் போகவில்லை. இதைப் படிக்கும் எங்கள் தோட்டத்தாருக்கு அவர் இறக்கிய காய்ச்சல்களும் பார்த்த பிரசவங்களும் ஞாபகம் வரும். எனக்கு வருவது வேறு. அதைத்தான் எழுதுகிறேன்.

என் அம்மா மார்பில் ஒரு கட்டியை இரண்டு வருடம் துணி வைத்து மறைத்திருந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில்தானே தொங்குகிறது, மார்பில் இல்லையே, வேலைக்கு என்ன இடைஞ்சல் என்பது அவள் நியாயம். ரத்தம் கசிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புற்று, உடம்பெல்லாம் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எத்தனை நாள் என்று டாக்டரய்யாவிடம் கேட்டேன். காரணத்தோடுதான் கேட்டேன். என் அண்ணன் இந்தியாவுக்கே, திருச்சிப் பக்கம், ஊரோடு போய்விட்டவர். நினைத்தவுடன் கப்பலேறி வரும் காலம் முடிந்துபோயிருந்தது. அனுமதி வாங்கி வந்தால் ஒரு மாதம் இருக்கலாம். மறுபடி அனுமதி சுலபத்தில் கிடைக்காது. முந்திக் கூப்பிட்டால் சாவுக்கு இருக்கமாட்டார், பிந்தினால் முகம் பார்க்கமாட்டார். அந்த ஒரு மாதத்தை எங்கே வைப்பது?

"எனக்குத் தெரியாது" என்றார்.

"படிச்ச ஆளு ஒங்களுக்கே தெரியாட்டி?"

"படிச்சபடியால்தான் தெரியாதெண்டு சொல்லுறன். ஒரு மாசமாயும் இருக்கலாம், ஆறு மாசமாயும் இருக்கலாம். ஒரு நாளைச் சொல்லிப்போட்டு அதை நம்பி உம்மை நடக்கவைக்க என்னால ஏலாது."

கோபத்தோடு நேரே தபால் கந்தோருக்குப் போனேன். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் ஒரு வழக்கம் இருந்தது. 'சாகக் கிடக்கிறார்' என்று தந்தி அடித்தால்தான் அங்கே அனுமதி கொடுப்பார்கள் என்று எல்லோரும் நம்பினோம். கால் முறிந்தாலும் அதே வார்த்தைதான். நானும் அப்படியே அடித்தேன். அம்மா அன்று வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கி மேடேறும்போதே அழுதுகொண்டு வந்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். "எந்த வீட்டுல எழவுன்னு இப்படி அழுதுகிட்டு வர்ற?"

"ஒனக்குத்தாம்மா" என்றார் அண்ணன், வாய் தவறி.

அம்மா சிரித்துவிட்டாள். "அப்ப இரு. இருந்து எடுத்துட்டுப் போ."

அவர் வந்த தெம்பில் அவள் எழுந்து நடந்தாள், ரொட்டி சுட்டாள். அவள் தேறத் தேற நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் சந்தோஷப்படுவதா, அண்ணனின் நாட்களில் ஒன்று போய்விட்டதே என்று பதறுவதா? பெற்றவள் சாப்பிடுவதைப் பார்த்துப் பயந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த நிலையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

டாக்டரய்யா தினமும் மருந்துச்சாலை திறப்பதற்கு முன் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுவார். பெரகலவில் இருந்த மாமனாரைப் பார்க்கக்கூட அண்ணன் அவரைக் கேட்காமல் போகமாட்டார்.

"இன்னைக்குப் போலாமா ஐயா?"

"இண்டைக்குப் போம். நாளையைப் பற்றி நாளைக்குக் கேளும்."

அந்த ஒரு நாள் பதில் அண்ணனுக்குப் போதும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரம் அம்மா படுத்தாள். அனுமதியை நீட்டிக்க மருத்துவச் சான்று வேண்டும், அதில் நாள் குறித்திருந்தால் நல்லது என்று பதுளை அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். மாதம் முடிந்து பத்து நாள் தாங்குவாள் என்று எழுதும்படி டாக்டரய்யாவிடம் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்தார்: 'நோய் முற்றிவிட்டது. எப்போது என்று சொல்ல முடியாது. அதனால்தான் மகன் அருகில் இருக்க வேண்டும்.'

"பத்து நாள்னு எழுதினா ஒங்க கை ஒடிஞ்சிருமா?"

"கை ஒடியாது. பதினோராம் நாளும் அவ உயிரோட இருந்தா, அடுத்த முறை நான் எழுதுறதை ஆர் நம்புவினம்? இந்தத் தோட்டத்தில அவ மட்டுமோ நோயாளி?"

நீட்டிப்பு கிடைக்கவில்லை. மாதம் முடிந்த அன்று காலை அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போயிட்டு வாரேம்மா."

"எங்க வரப்போற. போ, பஸ்ஸ விட்டுறாத" என்றாள் அம்மா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் போன ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள். குழியில் மண் போட்டுக்கொண்டிருந்தபோது எல்லோரும் கேட்கச் சொன்னேன்: "ஒம்பது நாளு ஐயா. நான் பத்துன்னு எழுதச் சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர் சொன்னது சரியாப் போச்சு. எனக்குத் தெரியேல்ல." ஒரு பிடி மண் போட்டுவிட்டு இறங்கிப் போனார். அன்றோடு நான் அவரோடு பேச்சை விட்டேன்.

சில மாதம் கழித்து அண்ணனின் கடிதம் வந்தது. டாக்டரய்யா அவருக்கு அந்த ஒன்பது நாளையும் ஒவ்வொரு நாளாக எழுதி அனுப்பியிருந்தாராம். சில வரிகளை அண்ணன் எனக்குப் பெயர்த்து எழுதியிருந்தார்: 'ஏழாம் நாள் உங்களைக் கேட்டார். போய்ச் சேர்ந்திருப்பானா என்றார். கடைசி நாள் யாரையும் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார். வலி இருந்தது. கடைசி இரண்டு மணி நேரம் இருக்கவில்லை.'

அதன் கீழே அண்ணன் எழுதியது: 'அம்மா எம் பேரச் சொல்லிக்கிட்டேதான் போயிருப்பாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நான் நம்பல. ஐயா எழுதினத நம்புறேன். நாளு குறிக்காத மனுசன் இதையா பொய்யா எழுதுவாரு.'

அதைப் படித்த பிறகும் நான் அவரிடம் போகவில்லை. போயிருக்கலாம். மருந்துச்சாலை என் லயத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

பத்து நாள் என்று அவர் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எழுதியிருந்தால் அண்ணன் பக்கத்திலேயே இருந்திருப்பார் என்பது என் எண்ணம். அந்தக் கோபத்தை அவர் இறந்துவிட்டார் என்பதற்காக நான் விடப்போவதில்லை. ஆனால் அம்மாவுக்குக் கடைசியில் வலி இருக்கவில்லை என்பதும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.