பெர்சிமன் மரத்தை வெட்டிய கை

எனக்கு வாயைவிடக் கை முந்திவிடும். செராமிக் யூனிட்டில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். தம்பிக்கு இன்னும் நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அவனுடைய முன்பல்லை உடைத்தவன் நான்தான். அப்படியிருந்தும் அவன் கல்யாணத்துக்குப் பிறகும் ஒரே வீட்டில் இருந்தோம். தனிக்கட்டையான நான் முன்பக்கம், அவனும் அவன் மனைவியும் பின்பக்கம்.

குன்னூருக்குப் போனபோது ஒரு பெர்சிமன் ஒட்டுக்கன்று வாங்கிவந்து தோட்டத்தில் வைத்தேன். காட்டு ரகக் கட்டையில் ஒட்டிய, ஆள் உயரத்துக்கு மேல் போகாத குட்டை ரகம். பழம் பார்வைக்கு ஆரஞ்சு நிறத் தக்காளி, கனிந்தால் தேன். விருத்தாசலம் வெயிலுக்கு அது பிழைக்காது என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதற்காகவே வளர்த்தேன். கத்திரி வெயிலில் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினேன். இலையைக் கடித்த ஆட்டைக் கல்லால் அடித்து நொண்ட வைத்தேன். ஆட்டுக்காரி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நாலாம் வருஷம் மூன்று பழம் பழுத்தது, ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தேன்.

"சப்போட்டாவ வுட நல்லாத்தான் இருக்குது" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

யூனிட்டில் அவனுக்குச் சோதிக்கிற வேலை. சூளையிலிருந்து வந்த பீங்கானை விரல் முட்டியால் தட்டுவான். ணங்கென்றால் நல்லது. சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். விரிசல் கண்டதை யாரையும் கேட்காமல் அங்கேயே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது நல்ல சரக்கோடு லாரியில் ஏற்றிவிடுவான். நாள் முழுக்கத் தட்டுவதும் உடைப்பதும்தான் அவன் பிழைப்பு. அவன் தட்டினால் தப்பாது என்று முதலாளியே சொல்வார்.

முந்தின வருஷங்களில் பனிக்காலத்திலும் பாதி இலையாவது மிஞ்சும். அந்த மார்கழியில் மரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தம்பி தோட்டத்தில் கொடுவாளோடு நின்றான். மண்ணுக்கு மேல் நாலு விரல் அளவு மட்டும் மிச்சம் வைத்து மரத்தைச் சாய்த்திருந்தான்.

"செத்துப்போச்சுண்ணே. தட்டிப் பாத்தேன், சத்தமே சரியில்ல. ஒரு கெளய வளச்சேன், சுள்ளியாட்டம் படக்குனு ஒடஞ்சுது. பட்ட மரம் வூட்டுல நிக்கக் கூடாது."

உயிரோடிருக்கும்போதும் அதன் கிளை அப்படித்தான் முறியும். வெட்டுவாயில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

"டேய், பனிக்கு எல உதுக்குற மரம்டா அது!"

"நீ சொன்னியா? எனக்கு எப்டித் தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் மண்வெட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. அவன் திருப்பி வெட்டியிருக்கலாம், ஆனால் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டான். போட்டதைப் பார்த்த பிறகும் அடித்தேன். தலையைக் காக்க வலது கையைத் தூக்கினான். காம்பு மணிக்கட்டில் இறங்கியது, எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மனைவி ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு மரத்துக்காவ கைய ஒடச்சிட்டீங்களே மாமா, நீங்கல்லாம் மனுசனா?"

அவளையும் தள்ளிவிட்டேன். சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னான். கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. விரல் முட்டியில் உணர்ச்சி இல்லை. பீங்கானுக்கு வைக்கோல் சுற்றுகிற வேலைக்கு அவனை மாற்றினார்கள். என்னோடு பேச்சே இல்லை. திட்டக்குடியில் மாமியார் வீட்டுப் பக்கம் வாடகைக்கு இடம் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான். தம்பி போய்விடுவான் என்ற பயத்தில் தினமும் விடிந்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன்.

பங்குனியில் ஒரு காலை தோட்டத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"அண்ணே! இங்க வாயேன், துளுரு வுட்டுருக்குது!"

ஓடினேன். அடிக்கட்டையில் நாலைந்து துளிர்கள். சொம்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நான் சாவடிக்கலண்ணே, பாத்தியா? அடுத்த வருசம் காய்க்கும். நாங்க எங்கயும் போவல."

ஒட்டுப் போட்ட இடம் வெட்டிய துண்டோடு போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த கட்டை காட்டு ரகம். அதிலிருந்து எத்தனை துளிர் வந்தாலும் அந்தப் பழம் ஒருநாளும் காய்க்காது.

"ஆமாண்டா" என்றேன். "நல்லா ஊத்து."