கிள்ளான் கடைப் பை

என்னைப் பள்ளியில் சேர்த்த வருடம் எனக்கு ஒரு தோல்பை தேவைப்பட்டது. நான் கேட்கவில்லை, வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பள்ளிக்கு நடந்துதான் போக வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் துணிப்பைக்குள் புத்தகம் கஞ்சியாகிவிடும் என்று அப்பாவே முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் கிள்ளானுக்கு அழைத்துப் போனார்.

கிள்ளானில் பெரியப்பா செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். இதைக் குவார்ட்டர்ஸில் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏன் என்று நான் கேட்டதில்லை. சாப்பிடும்போது பேசக்கூடாது என்பதுபோல அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

பெரியப்பா தோல்களைத் தரையில் விரித்துப் போட்டார். நான் சிவப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத்தோலைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

"அது பர்சுக்குத்தான் ஆகும், பாப்பா. புத்தகத்தப் போட்டா தொங்கிரும்" என்று பெரியப்பா பழுப்பு நிற மாட்டுத்தோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா அதை வாங்கி மடித்தார், கட்டை விரலால் அழுத்தினார், சுருக்கம் மறைகிறதா என்று பார்த்தார்.

"இது வயித்துப் பக்கம்ணே. இழுபடும். முதுகுல வெட்டிக் குடு."

"ரயில்வேக்குப் போயும் கை மறக்கல பாரு இவனுக்கு!" என்று பெரியப்பா சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் பிடித்து மட்டுமே நான் பார்த்திருந்த அப்பா, சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நூலுக்கு மெழுகு தேய்த்தார். ஒரே நூலில் முனைக்கொரு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று நுழைத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார்.

"மெஷின் சும்மாதானே கிடக்குது? ஓட்டிட்டுப் போயேன்லா" என்றார் பெரியப்பா.

"மெஷின் தையல் ஒரு இடத்துல அறுந்தா வரிசையாப் பிரியும். இதுல ஒரு இழை போனாலும் இன்னொண்ணு பிடிச்சிக்கும். பிள்ளை ஆறு வருசம் தூக்கணும்ணே."

வார் சேருகிற இடத்தில் இரட்டையாகத் தைத்தார். நான் ஆசைப்பட்ட சிவப்புத்தோலை அப்பா மறக்கவில்லை; உள்ளே பென்சில் வைக்க ஒரு சின்னப் பையாக அது போயிற்று.

திரும்பும்போது ரயிலில் சொன்னார்: "யாராச்சும் கேட்டா கடையில வாங்குனதுன்னு சொல்லும்மா."

கேட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எந்தக் கடைண்ணே? தையல் என்னா அழகு!"

"கிள்ளான்ல ஒரு சீனர் கடை" என்றார் அப்பா.

"அப்ப எங்க பிள்ளைக்கும் ஒண்ணு வாங்கியாந்திருங்களேன்!"

சொன்ன பொய் அப்பாவுக்கே வேலை வைத்தது. அடுத்த ஞாயிறும் கிள்ளான், மறுபடியும் இரண்டு ஊசி. "உன் சீனர் கடை நல்லா ஓடுதுலா!" என்று பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையிலும் வார் சேருகிற இடத்தில் இரட்டைத் தையல்தான்.

சரஸ்வதி பூசைக்கு அத்தை என்னையும் பையோடு வரச் சொன்னார். அவர் மகளுடைய பையையும் என்னுடையதையும் சாமி படத்துக்கு முன்னால் சேர்த்து வைத்தபோது, வந்திருந்த ஒரு பாட்டி முகம் சுளித்தார். "தோலைப் போயி யாராச்சும் சாமிகிட்ட வைப்பாங்களா?"

"படிக்கிற பிள்ளைங்க பை, பெரியம்மா. அதுல என்ன இருக்கு?" என்று அத்தை இரண்டு பைக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். வார் சேருகிற இடத்தில், சரியாக அந்தத் தையல்மேலேயே வைத்தார்.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே, கும்பிட்டுட்டுப் போங்க."

"இருக்கட்டும் தங்கச்சி. இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி, பைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை மறுபடி கூப்பிட்டும் வரவில்லை. அப்பாவும் என்னைப்போலக் கூச்சக்காரர்தான் என்று நினைத்து, அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.