நெஞ்சில் வைத்துக் கேட்பவர்

ஸ்டெத்தாஸ்கோப்பை நிலவழகன் யார் நெஞ்சிலும் சட்டென்று வைப்பதில்லை. ஏசியில் சில்லிட்டுக் கிடக்கும் அதன் வட்டத் தகட்டை முதலில் இடது உள்ளங்கையில் பொத்திக்கொள்வான். பெருவிரலால் தேய்ப்பான். சூடு ஏறிவிட்டதா என்று தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எதிரே இருப்பவரின் சட்டைக்குள் கொண்டுபோவான். மனநல டாக்டருக்கு அந்தக் கருவியால் பெரிதாக வேலை கிடையாது. ஆனால் அறந்தாங்கியில் அது இல்லாமல் ஆகாது. வீட்டுக்குப் போனதும், "டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாத்தாரு" என்று சொல்ல அவர்களுக்கு ஏதாவது வேண்டும். வெறுமனே பேசி அனுப்பினால் எதைச் சொல்வார்கள்?

அன்னவாசலில் கடலை வியாபாரம் செய்யும் மலையாண்டியின் மகன் அவன். மேற்படிப்புக்கு மனநலம் எடுத்தபோது, அம்மா மீனம்மாள் சொந்தக்காரர்களிடம் "நரம்பு டாக்டருக்குப் படிக்கிறான்" என்றாள். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதேதான். வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி அவன் போய் உட்காரும் அறந்தாங்கித் தனியார் ஆஸ்பத்திரியின் பலகையும் 'நரம்பு, தூக்கம்' என்றே சொன்னது. பலகை என்ன சொன்னாலும் ஊருக்குத் தெரியும். அதனால் அவன் அறைக்கு முன்னால் கிடந்த நாற்காலிகளில் யாரும் உட்கார்வதில்லை. எதிர் டீக்கடையில் நிற்பார்கள். நர்ஸ் வனிதா மிஸ்டு கால் கொடுத்ததும் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வருவார்கள்.

அப்படி வந்தவர்தான் மரியசெல்வம். குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பாதியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"நெஞ்சுக்குள்ளேருந்து ஒருத்தன் பேசுறான் சார். வச்சுக் கேட்டுப் பாருங்க."

வைத்தான்.

"கேக்குதா?"

"எனக்குக் கேக்கலைங்க."

"கேக்காது. வெவரமானவன். ஆளு வந்தா வாயத் தொறக்க மாட்டான்."

மாத்திரையில் அந்த ஆள் மெல்ல அடங்கினான். மரியசெல்வம் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். பூசைக்குப் போனார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் சட்டையைத் திறந்து காட்டுவார். "போயிட்டானான்னு ஒருவாட்டி பாத்துச் சொல்லிருங்க." நிலவழகன் தகட்டைத் தேய்த்து, வைத்து, கேட்டு, "இல்லைங்க" என்பான். அதற்கப்புறம்தான் மாத்திரைச் சீட்டுக்குக் கை நீளும்.

இது நெஞ்சில் இல்லை, மூளையில் வருவது என்று ஒருநாள் சொல்ல ஆரம்பித்தான். மரியசெல்வத்தின் மனைவி சொர்ணம் அவனை வெளியே கூப்பிட்டாள்.

"நெஞ்சு வியாதின்னே இருக்கட்டும் சார். அவுக அண்ணன் வீட்லயும் அப்புடித்தான் சொல்லிருக்கேன். மக காவ்யாவுக்கு மாப்ள பாக்குறோம். மாத்திரைய நான் விடாமக் குடுத்துருவேன். விட்டா பழையபடி ஆயிரும்னு எனக்குத் தெரியாதா?"

தலையாட்டினான்.

கூடப் படித்த பிரசாந்த் சென்னையிலிருந்து பேசுவான். "மாப்ள, இன்னுமா அந்த பஸ்ல போய்க்கிட்டிருக்க? நம்ம ஆளுகளுக்குத்தான்டா இப்ப மார்க்கெட்டு. ஐடி கம்பெனிக்காரன் கூப்புடுறான், இங்கிலாந்துக்காரன் கூப்புடுறான். ஆன்லைன்ல உக்காந்த எடத்துலயே பாக்கலாம். ஊருக்கு மனசு கெட்டுப்போற வேகத்துக்கு நம்ம படிச்சு முடிக்க மாட்டேங்குறோம்."

"இங்க சேரெல்லாம் காலியாக் கெடக்குடா."

"இங்கிட்டு வா. சேரே வேணாம்."

அந்த வாரமே மேனேஜர் அருண்குமார் அறைக்குள் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். கேமராவுல பாத்தா ஒங்க பக்கம் ஈ, எறும்பு இல்ல. ஸ்கின் டாக்டரம்மா ரூம் கேக்குறாங்க. முடி கொட்டுதுன்னா வெக்கப்படாம வந்து வரிசையில நிக்கிறாங்க."

டீக்கடையைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். நிலவழகன் அறையை விட்டுக்கொடுத்தான்; பிரசாந்த் சொன்ன ஆன்லைன் வேலைக்குச் சரி என்றான். மேசையைக் காலி செய்தபோது ஸ்டெத்தாஸ்கோப்பை இழுப்பறையிலேயே விட்டுவிட்டான். மறந்ததா, விட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை.

சென்னையில் வெள்ளைச் சுவர். அதன் முன் ஒரு திரை. முகங்கள் வந்தன, பேசின, அணைந்தன. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. "எதுலயாவது ஆர்வம் இருக்கா?" என்று எல்லோரையும் கேட்டான். தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போனில் முகம் பார்த்து எப்படிப் பேசுவது என்று, கிளம்பும் முன்பே சொர்ணத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். மாதம் பிறந்ததும் திரையில் மரியசெல்வம் வந்தார். தூக்கம் நன்றாக இருக்கிறது என்றார். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். பேச்சு முடிந்தது. சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வச்சுக் கேக்கலையா சார்?"

"இதுல வைக்க முடியாதுங்க. அவன் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்க."

"கேக்காம எப்புடிச் சொல்றீங்க?"

பின்னாலிருந்து சொர்ணம், "அதான் சார் சொல்றாருல்ல" என்றாள். மரியசெல்வம் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருக்குக் குறித்த காலையில் திரை வெறுமையாக இருந்தது. நிலவழகன் சொர்ணத்துக்கு ஒருமுறை போன் அடித்தான். மணி அடித்து ஓய்ந்தது. 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். மறுபடி அடிக்க வேண்டும் என்று நினைத்தான். நினைப்பு அங்கேயே கிடந்தது.

வெகுநாள் கழித்து வனிதா பேசினாள். தோல் டாக்டரம்மா இழுப்பறையில் ஸ்டெத்தாஸ்கோப் இருந்ததாம், கொரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். அவன் மரியசெல்வத்தைப் பற்றி விசாரித்தான்.

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? போன்ல பாக்குறவரு என்ன டாக்டருன்னு அவுக அண்ணன் ஆரோக்கியதாஸ் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போயிட்டாரு. இருதய டாக்டருகிட்ட. ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, நெஞ்சுல ஒரு கொறையும் இல்லன்னுட்டாரு. அப்ப எதுக்கு மாத்திரைன்னு அன்னைக்கே நிப்பாட்டிட்டாங்க. சொர்ணக்கா எப்புடிச் சார் வாயத் தொறக்கும்? நெஞ்சு வியாதின்னு சொன்னதே அதுதானே."

எந்த நாள் என்று கேட்டான். அவன் 'வரவில்லை' என்று குறித்த அதே நாள்.

"நெஞ்சு நல்லாருக்குன்னு தெருவுக்கே லட்டு குடுத்தாங்க சார்" என்றாள் வனிதா. "எனக்கும் ஒண்ணு. சொர்ணக்காதான் கொண்டாந்து குடுத்துச்சு."