கன்னியப்பன் வைத்த சந்தனப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். கன்னியப்பனைப் பார்க்க. டெய்லர். ஹாம் ரேடியோவில் எனக்குப் பத்து வருட நண்பர். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுவோமே... அந்தப் பைத்தியம்தான்!

கடை திறந்திருந்தது. கட்டிங் டேபிளில் துணி இல்லை. வலது கையில் ஒரு ரப்பர் பந்து. அமுக்கிக்கொண்டிருந்தார். அது அமுங்கவே இல்லை.

“வாங்க சார். இதுக்கு மேல எதிர்பாக்காதீங்கன்னுட்டாரு டாக்டர். சும்மா இருக்க முடியல, அமுக்கிக்கினு இருக்கேன். கத்திரி புடிக்கத்தான் வரல.”

நடந்தது இதுதான். ஆயுத பூஜையன்று தையல் மெஷின், கத்திரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், பவர் ஆம்ப்ளிஃபையருக்கும் வைக்கப் போயிருக்கிறார். நம் குரலைப் பல மடங்கு வலுவாக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பும் பெட்டி. பழைய வால்வ் ரகம். உள்ளே இரண்டாயிரம் வோல்ட். நான்தான் அசெம்பிள் செய்து கொடுத்தேன். இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் திறந்து, வால்வின் உச்சியில் ஈரச் சந்தன விரலை வைத்தார்...

பிளக்? பிடுங்கித்தான் வைத்திருந்தார்.

ஆனால் பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் காலி செய்யத்தான் ஒரு ரெசிஸ்டர். அது எப்போதோ எரிந்துபோயிருக்கிறது. அதனால்தான் அதை நம்பக் கூடாது. பிளாஸ்டிக் பைப் முனையில் செம்புக் கம்பி கட்டி, எர்த்தோடு இணைத்து, உள்ளே தொட்டுக் காலி செய்த பிறகே கை வைக்க வேண்டும். அப்போதும் ஒரு கைதான். இன்னொரு கை பாக்கெட்டில். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொன்னது என்ன? “பிளக்கைப் பிடுங்கிடுங்க, அரை மணி நேரம் ஆறட்டும், அப்புறம் தைரியமா தொடுங்க.” அவ்வளவுதான்! முழுசாகச் சொன்னால் பயந்துபோய், நான் செய்த பெட்டியை வேண்டாம் என்றுவிடுவாரோ என்று எனக்குக் கவலை.

“நீங்க சொன்னா மாதிரியேதான் சார் செஞ்சேன். அரை அவர் கழிச்சிதான் தொட்டேன். என் நேரம்... நீங்க இன்னா பண்ணுவீங்க?”

அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். “அதுக்கும் ஒரு பொட்டு வைங்கன்னு நான்தாங்க சொன்னேன். என் வாய்தான்...” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் தன் நேரம் என்கிறார். அந்த அம்மா தன் வாய் என்கிறார். நான்? டீ நன்றாக இருக்கிறது என்றேன். அதைத்தான் சொன்னேன், சத்தியமாக.

இதைக் கன்னியப்பன் படிப்பார். நேரில் சொல்லத் துப்பில்லாமல் இங்கே எழுதுகிறேன்: தப்பு உங்கள் நேரம் மேலும் இல்லை, அந்த அம்மா வாய் மேலும் இல்லை.

என் ரேடியோ மேஜையோரம் அந்தச் செம்புக் கம்பிப் பைப் தொங்குகிறது. எனக்காக நானே செய்துகொண்டது. பத்து நிமிட வேலை.

மிச்சப் பைப் பரணில் கிடக்கிறது — இன்னொன்று செய்யப் போதுமான நீளம்.