கழுத்தைச் சுற்றிய கருப்பு

என் மகளின் பின்கழுத்தில் இருந்த கருப்பை மாங்காய்ப் பால் என்று நம்பியவன் நான். மலையாள எல்லையோரம் முதலமடையில், காய் பிரித்து லாரி ஏற்றும் மாங்காய்க் களம் வைத்திருப்பவனுக்கு எந்தக் கருப்பும் பால் பட்ட கருப்புதான். காம்பு ஒடித்ததும் பீய்ச்சுகிற பால் பட்ட இடம் வெந்து, நாள்கணக்கில் கருத்துக் கிடக்கும். என் கைகளே சாட்சி. அவளோ பள்ளி விட்டால் களத்தில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போன் பார்க்கிறவள். எங்கோ பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதினோரு வயது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். எடை நிற்கிற காய்தான் நல்ல காய் என்பது என் தொழில் புத்தி. பிள்ளைக்கும் அதையே போட்டுப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தேன்.

"ஏனுங்க, மாங்கா முடிஞ்சு மூணு மாசமாச்சு. பீர்க்க நாரே தேஞ்சு போச்சு, இந்தக் கருப்பு போவுலீங்க," என்றாள் மனைவி.

"நல்லா அழுத்தித் தேய்," என்றேன். பிள்ளை அழுததுதான் மிச்சம்.

பள்ளிக்குப் பரிசோதனைக்கு வந்த நர்ஸ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மலையாளம் கலந்த தமிழில் பேசுகிறவர். நான் முந்திக்கொண்டு மாங்காய்ப் பால் கதையை ஆரம்பித்தேன்.

"பால் பட்டா இப்படிக் கழுத்தைச் சுத்தி வளையமாவா படும், சேட்டா?" என்று கேட்டார். எடை அதிகமாகி, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது தோல் இப்படிக் கருக்கும், இது தேய்த்தால் போகாது என்றார். "வெறும் வயித்துல ரத்தம் நோக்கணும். வீட்டுல யாருக்காவது ஷுகர் உண்டோ?"

"யாருக்கும் இல்லீங்க," என்றேன். வாய் தானாகச் சொன்ன பொய். என் சொந்த அண்ணனுக்குச் சர்க்கரையால் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்று கழுத்தைக் குனிந்து பார்த்தேன்.

"என்றா பொறத்தால நின்னு மோந்து பாக்கறே?"

அதே வளையம். சட்டைக் காலருக்கு மேலே, பட்டை அடித்ததுபோல்.

"இது எப்பிருந்துங்ண்ணா இருக்குது?"

"முப்பது வயசுலயே வந்துச்சு. மாங்காப் பாலு, வுடுங்கன்னு நீதான சொன்னே?"

அவர் சிரித்தார். நான் மூன்று விரல் மிஞ்சிய அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே பீதி வேலையை ஆரம்பித்துவிட்டது. வீட்டிலிருந்த ஜூஸ் பாட்டில்களை எல்லாம் கவிழ்த்தேன். முறுக்கு டின்னைப் பரணில் ஏற்றினேன். பிள்ளையைத் தோப்புக்குள் ஓட விட்டு, பின்னாலேயே ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது சுற்றில் அவள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"நீங்க வண்டீல வருவீங்க, நான் ஓடோணுமாக்கும்? எனக்கு ஓட்டமெல்லாம் வேண்டாம். என்ற சைக்கிளக் குடுங்க."

அந்த சைக்கிளைக் களத்துக் கொட்டகையின் மேலே ஏற்றிக் கட்டியவனே நான்தான். இரண்டு வருடம் முன்பு ஒரு மாங்காய் லாரி அவளை உரசுகிற மாதிரிப் போனது. அன்றோடு சைக்கிளுக்குக் கயிறு. நாய்க்குப் பயந்து தெரு விளையாட்டை நிறுத்தினேன். பூச்சி மருந்தடிப்புக்குப் பயந்து தோப்பை நிறுத்தினேன். பத்து நிமிட நடை தூரத்துப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று கையில் போனையும் பக்கத்தில் ஜூஸையும் வைத்தேன். லாரி செய்யாததை நானே உட்கார வைத்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியபோது ஸ்கூட்டரை அணைத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை லேபுக்குப் போனோம். அவள் பட்டினி என்பதால் நானும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தேன். ஊசி அவள் கையில் இறங்கியது. நான் நாற்காலியிலிருந்து சரிந்தேன்.

"ரத்தங் குடுக்கறது நானு, மயக்கம் உங்களுக்காப்பா?" என்று மறு கையால் என் சட்டையைப் பிடித்திழுத்தாள். லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ரிசல்ட் வரும்வரை என் கண் அவள் கால் விரல்களை விட்டு நகரவில்லை. பத்தும் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

காகிதத்தைப் பார்த்த டாக்டர், சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் அளவு சரியான கோட்டைத் தாண்டியிருக்கிறது, இப்படியே விட்டால் வரலாம் என்றார்.

"ஒரு மாசத்துல பத்துக் கிலோ கொறைச்சுப் போடறனுங்க, டாக்டர்."

"வளர்ற பிள்ளையப் பட்டினி போடாதீங்க. எடை கொறைய வேண்டாம், இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்குங்க, வளர வளரச் சரியாகும். வீட்டுச் சாப்பாடு, ஜூஸ் வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாடட்டும்."

"லாரி வருமுங்களே?"

"லாரி வராத எடமாப் பாத்து விடுங்க. ஆனா விடுங்க."

கொட்டகையில் ஏறிக் கயிற்றை நானே அறுத்தேன். பள்ளிக்கு நடை, மாலையில் கால்வாய்க் கரை மண்பாதையில் சைக்கிள். முதல் நாள் அவள் திரும்புகிற வளைவில், மின்கம்பத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து நின்றேன்.

"கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் நீங்க தெரியறீங்கப்பா!" என்று கத்தினாள். பெல்லை அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள். வளைவுக்கு அப்பால் அவள் மறைந்த பிறகும் நான் பெல் சத்தத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தாள். சர்க்கரை கோட்டுக்குள் வந்திருந்தது. எடை அதேதான், ஒரு கிலோகூடக் குறையவில்லை. உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது. கழுத்துக் கருப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது; முழுதாகப் போகவில்லை.