சயாமுக்குப் போன புத்தகம்

1. துரை வீட்டு அலமாரி

நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த அன்று பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இருந்தது, சாக்கட்டி இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள், பாதிப் பேருக்குச் சட்டை இல்லை. மலாயாவில், தம்பினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பல மாதம் மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தை அப்போதுதான் திறந்திருந்தார்கள். துரையின் நாற்காலியில், கணக்கெழுதும் ஆபீஸ் கிராணியார் உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலை கொடுத்ததும் அவர்தான்.

"காலையில கிழக்க பாத்து ஜப்பான் ராஜாவைக் கும்பிட வைங்க வாத்தியாரே. ஜப்பான் பாட்டு ரெண்டு சொல்லிக் குடுங்க. மத்த நேரம் நீங்க என்ன பண்ணாலும் எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

எவனும் கேட்காத அந்த நேரத்தில்தான் நான் நூலகம் ஆரம்பித்தேன். கூலிகள் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகப் போய்த் தகரப்பெட்டிக்குள் கிடந்த தமிழ்ப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். துரை பங்களாவில் ஆளுக்கொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள் துரையின் பூட்ஸ் வைக்கிற சப்பாத்து அலமாரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சப்பாத்து போடுகிறவன் லயத்தில் யார் இருக்கிறான்? அதை நானும் நாலு பெரிய பையன்களும் சுமந்து வந்தோம். புத்தகம் அடுக்கி முடித்த பிறகும் அதில் தோல் வாடை போகவில்லை.

இப்போது இளம் ஆசிரியர்களுக்கு ஏசி அறையில் பட்டறை நடத்தி, சின்னப் பிள்ளைகளை நூலகத்துக்கு எப்படிப் பழக்குவது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். என்னையும் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதுவது அவர்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

2. கை கழுவும் பாடம்

ஒன்றாம் வகுப்புக்கு நான் வைத்த முதல் நூலகப் பாடம் கை கழுவுவது. சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலம். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத்தான் கழுவினார்கள். அம்மாவோடு மரம் வெட்டப் (பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம்) போய்வந்த பிள்ளைகளின் விரலிடுக்கில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உரித்து எடுத்த பிறகுதான் அலமாரிப் பக்கமே வர விடுவேன்.

அடுத்தது பக்கம் புரட்டுவது. எச்சில் தொடக் கூடாது. மேல் மூலையைப் பிடித்து மெதுவாகப் புரட்ட வேண்டும். விட்ட இடம் தெரிய அடையாளத்துக்கு ஓர் இலை வையுங்கள் என்று சொல்லிவைத்தேன். ஒரு பையன் மரத்திலிருந்து பச்சையாகவே ரப்பர் இலையைப் பறித்து வைத்தான். காம்பில் வடிந்த பால் இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒட்டிவிட்டது. "நரி என்ன ஆச்சு சார்?" என்று அவன் அழுத அழுகையை நிறுத்த, கதையின் மிச்சத்தை நானே கட்டிவிட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து காய்ந்த இலைதான்.

பிள்ளைகளைப் பழக்குவது சுலபம். பெரியவர்கள்தான் பிராணனை வாங்கினார்கள். புகையிலை சுருட்டத் தாள் கிடையாது. கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் ஒரு நாள் வாசலில் வந்து தலையைச் சொறிந்தார். "எழுத்து இல்லாத பக்கமா பாத்து ரெண்டு கிழிச்சுக் குடுங்க சார். படிக்கிறதுக்கு நட்டம் இல்ல பாருங்க." அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் புத்தகம் வீட்டுக்குக் கொடுப்பேன். அதற்கு ஒரே விதி. கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. பிள்ளைகள் அதைப் பாட்டு மாதிரி சொல்வார்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னவள் அஞ்சலை. ஆறு வயது. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்த ஒரு மாதத்திலேயே, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். அந்த மாதிரி ஒரு பிள்ளை ஒரு வாத்தியாருக்கு எப்போதாவது ஒருமுறைதான் அமையும்.

3. லாரி

சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரன் எஸ்டேட்டுக்கு இத்தனை ஆள் என்று கேட்டான். யார் போவது என்று முடிவு செய்தவர் கிராணியார். அவருடைய சொந்தக்காரர்களில் ஒருவர் பேரும் அதில் வரவில்லை. அஞ்சலையின் அப்பா முனியன் பேர் வந்தது. நான் போய்ச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான் என்ன செய்ய முடியும் வாத்தியாரே? ஆள் குடுக்கலைன்னா என் தலை போகும். மூணு மாசம்தான், சோறு போட்டுச் சம்பளமும் குடுத்து அனுப்பிடுவான்லா" என்றார். அந்த மூன்று மாதக் கதையை அவரே நம்பவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

தம்பின் ஸ்டேஷனுக்குப் போகிற லாரி பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் நின்றது. முனியன் துணிமூட்டையோடு என்னிடம் வந்தார். "பாப்பா வீட்ல வச்சிருக்கிற புஸ்தகத்த நான் கொண்டுக்கிட்டுப் போகட்டா சார்? யானைப் படம் போட்டது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவ படிச்சுக் காட்டுனது மனசுல இருக்கு, படத்தைப் பாத்தா ஞாபகம் வரும்."

புகையிலை சுருட்டத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். அந்த ஆளின் கண்ணைப் பார்த்த பிறகு சரி என்றேன். அஞ்சலைதான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். வாத்தியாரம்மா மாதிரி விரலை நீட்டிச் சொன்னாள்:

"கையக் கழுவிட்டுத்தான் தொடணும்ப்பா. எச்சி தொடக் கூடாது. திருப்பிக் கொண்டாந்து குடுத்தாத்தான் சார் எனக்கு வேற புஸ்தகம் தருவாரு."

"கொண்டாந்துடுறேன் தாயி" என்றார் முனியன். லாரியில் ஏறிய பிறகும் புத்தகத்தை மூட்டைக்குள் வைக்கவில்லை, மார்போடு பிடித்திருந்தார்.

4. தினம் ஒரு கேள்வி

அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சலை புத்தகம் எடுக்கவில்லை. "எடுத்துக்கோம்மா, அப்பா வந்ததும் அதைக் கொடுக்கலாம்" என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டாள். "இன்னும் திரும்பி வரல சார்" என்றாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மற்ற பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவாள், அலமாரியைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக் கொடுப்பாள், ஒன்றைக்கூட விரித்துப் பார்க்க மாட்டாள். நல்ல படிப்பு கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் தாண்டியது. காய்ச்சலில் செத்தார்கள், குழியில் போட்டார்கள் என்று சயாமிலிருந்து பேச்சு மட்டும் வந்தது. ஆள் யாரும் வரவில்லை. அஞ்சலை பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாள். கிராணியார் வெளியே வந்தால் கேட்பாள்: "எங்கப்பா எப்ப வருவாரு ஐயா? புஸ்தகம் குடுக்கணும்." தினமும் இதே கேள்வி. மண்டோரும் மற்ற ஆட்களும் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்து ஒருவரும் கேட்க முடியாததை அந்தப் பிள்ளை கேட்டது.

5. புத்தகம் வந்தது

ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வெளியே கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் கிராணியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் கையில் அதே யானைப் புத்தகத்தின் இன்னொரு பிரதி. யுத்தத்துக்கு முன்னால் தம் மகனுக்குச் சிரம்பான் டவுனில் வாங்கியதாம். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் அலமாரியின் முன்தட்டில் வைத்துவிட்டார்.

"புஸ்தகம் வந்துருச்சுன்னு சொல்லிடுங்க வாத்தியாரே. ஆபீஸ் வாசல்ல தலை காட்ட முடியல. பிள்ளையும் படிச்ச மாதிரி இருக்கும்" என்றார். முகத்தில் ஏதோ தானம் செய்த சந்தோஷம்.

"எடுங்க அதை" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அஞ்சலை உள்ளே வந்துவிட்டாள். ஒரு கணம் புத்தகத்தைப் பார்த்தாள்.

"சார்! எங்கப்பா வந்துட்டாரு!"

கூப்பிடக் கூப்பிட நிற்காமல் லயத்தைப் பார்த்து ஓடினாள். அவள் கத்திக்கொண்டு போனது எனக்கு வெகுநேரம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அம்மா பாக்கியம் ஓடி வந்தாள். மரவள்ளித் தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், முழங்கை வரை மண். மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "எங்க சார் அவரு? உள்ளயா இருக்காரு?" என்று அறையெல்லாம் தேடினாள்.

அலமாரியில் புத்தகம் இருந்தது. பக்கத்தில் கிராணியார் நின்றார், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு. பாக்கியம் புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். படிக்காதவள்தான், ஆனாலும் புரிந்துகொள்ள அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்றுவரை அவரை ஐயா என்றே கூப்பிட்டவள்.

"புஸ்தகம் வந்துருச்சு கிராணி" என்றாள். "ஆளு எங்க?"

கிராணியார் படியிறங்கிப் போனார். பின்னால் வந்த அஞ்சலை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அம்மாவோடு மரவள்ளி பிடுங்கப் போனாள், வளர்ந்ததும் மரம் வெட்டப் போனாள். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். முனியன் வரவில்லை. கிராணியாருக்கு அதே ஆபீஸ், அதே மேசை. சயாமுக்குப் போனவர்களைப் பற்றி அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூட விழாவில் நூலகத்தின் முக்கியத்துவத்தைப் பற்றி அவர் பேசியதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மாலையும் போட்டார்கள்.

இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்டது அனுபவப் பாடம். இதோ: நாம் சொல்லிக் கொடுக்கும் விதியைச் சின்னப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். உலகம் முழுக்க அதே விதிப்படிதான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் எஸ்டேட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஆளைக் கொண்டுபோனவனுக்கும் தெரியவில்லை, பிடித்துக் கொடுத்தவனுக்கும் தெரியவில்லை.